ஜவுபரின் நாலுகால் வீடு

ஜவுபர் வாயைத் திறந்தால் கல்முனை பசார் முழுக்கக் கேட்கும். டிப்பர் லொறிக்கும் உழவு மெசின் பெட்டிக்கும் ஹைட்ரோலிக் ஜெக் பூட்டுகிற கராஜ்காரர். பம்பின் இரைச்சலுக்கு மேலால் கதைத்துக் கதைத்து, மெல்லக் கதைக்கிற பழக்கமே விட்டுப்போன மனிதர். பக்கத்துக் கடைக்காரரின் குடும்ப விசயம்கூட அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். அப்படிப்பட்டவர் ஒரேயொரு விசயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு திரிந்தார். மகள் பஸ்மினாவுக்குக் கொடுக்க அவரிடம் வீடு இல்லை.

எங்கள் கரையில் இது சின்ன விசயம் இல்லை. மற்ற ஊர்களில் பெண் புகுந்த வீட்டுக்குப் போவாளாம், வாசலில் நின்று அழுவார்களாம். இங்கே மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து ஏறுவார். பெண்ணைப் பெற்றவர் வீட்டைக் கட்டி அவள் பேருக்கு எழுதிவிட்டு, பின்வளவில் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் போட்டுக்கொண்டு ஒதுங்கிக்கொள்வார். ஜவுபரும் அப்படித்தான் ஒருநாள் புதுச் சாறனும் தொப்பியுமாக மனைவி ஹாஜறாவின் வீட்டில் வந்து ஏறினார். பஸ்மினாவுக்கு என்று வைத்திருந்ததும் அந்த வீடுதான். சுனாமி அதை அத்திவாரத்தோடு பிடுங்கிக்கொண்டு போனது. மூன்று பேரும் உயிர் தப்பியது அல்லாஹ்வின் கிருபை.

வெறும் காணியாக வளவு மட்டும் மிஞ்சியது. அதில் ஓர் ஓலைக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். கிழக்கே கடல், வடக்கே ஆறு. அதில் திரும்பக் கட்டுவோம் என்று லொறியில் கல் கொண்டுவந்து பறித்த அன்றே அரசாங்கக் கந்தோரில் இருந்து ஆள் வந்துவிட்டது. கடலில் இருந்து அறுபத்தைந்து மீற்றருக்குள் கட்டடம் எதுவும் வரக்கூடாது என்று சட்டமாம். ஜவுபர் நாடாவைப் பிடித்து வளவின் எல்லா மூலையில் இருந்தும் அளந்து பார்த்தார். நாடாவைக் கொஞ்சம் இழுத்தும் பார்த்தார். கடல் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களுக்கு வீட்டுத் திட்டத்தில் வீடு வரும், பொறுங்கள் என்றார்கள். அந்தத் திட்டம் வயற்காணிக்குள் வெறும் தூண்களாக நின்றது. தூண்களில் கொக்குகள் குடியேறியிருந்தன.

மாப்பிள்ளை ஸப்ரி, ஆற்றுக்கு அக்கரையில் கொஞ்சம் மேலே இருக்கிற ஸுலைஹாவின் ஒரே மகன். பசாரில் போன் கோல் எடுக்கிற கொமினிகேசன் கடை வைத்திருந்தான். சுனாமிக்கு முன்னமே பேசி முடித்த கல்யாணம். பஸ்மினாவுக்கு அவன் மீது நல்ல விருப்பம். அவன் கடைக்கு ஒரு கோல் எடுக்க என்று போய் யாருக்கும் எடுக்காமலே திரும்பி வருவாள். ஆனால் ஒவ்வொரு பெருநாளுக்கும் ஸுலைஹா வந்து, பலகாரத்தைத் தின்று, சீனி போட்ட தேத்தண்ணியைக் குடித்து, அதைவிட இனிப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவாள்.

"அவசரமில்ல தம்பி. வீட்டக் காட்டுங்க, நாளக் குறிப்பம்."

இப்படியே நாலாவது வருசமும் வந்தது. நிந்தவூரில் வீடுவாசலோடு ஒரு பெண் இருப்பதாக ஸுலைஹாவிடம் தரகர் போய்வருகிறார் என்று காதில் விழுந்தது. இந்த நோன்புக்கு முன் வீட்டைக் காட்டாவிட்டால் கதை முடிந்தது. பஸ்மினா அழவில்லை. அழுதிருந்தால் ஜவுபருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் தகப்பனோடு கதைப்பதை விட்டுவிட்டு, கராஜில் இருந்து வருகிற அவருடைய அழுக்குச் சேட்டுகளை ஓங்கி ஓங்கிக் கல்லில் அடித்துத் தோய்த்தாள்.

அந்த நேரத்தில்தான் பாதை ஏலத்துக்கு வந்தது. ஆற்றில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி இறக்குகிற மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்று பேர். சுனாமியில் பாலம் உடைந்தபோது ஒரு வெளிநாட்டு நிறுவனம் கொண்டுவந்து விட்டது இது. பெரிய அலுமினியக் குழாய்கள் இரண்டு, மேலே அகலமான தட்டு, பின்னால் இஞ்சின். இதில் விசேசம் என்னவென்றால் நாலு மூலையிலும் நாலு ஹைட்ரோலிக் கால். லீவரைத் தள்ளினால் கால்கள் இறங்கி ஆற்றடியில் ஊன்றும். பிறகு முழுப் பாதையும் தண்ணீரை விட்டு மேலே எழும்பி, கட்டில் மாதிரி நிற்கும். வெள்ளைக்காரர்கள் தங்கள் குளங்களில் படகைத் தண்ணீரில் ஊறவிடாமல் வைக்கச் செய்துகொண்ட வசதி. பாலம் கட்டி முடிந்ததும் யாருக்கும் பாதை தேவைப்படவில்லை. கால்கள் இறுகிப்போய்க் கரையில் சரிந்து கிடந்தது. எல்லோரும் அதில் பழைய அலுமினியத்தைப் பார்த்தார்கள். ஜவுபர் அதன் கால்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றவர் திடீரென்று தனக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்ட ஹாஜறா கிட்ட வந்தாள்.

"என்ன செய்யப் போறீங்க?"

"நிலத்துலதானே கட்டக்கூடாது. தண்ணில கட்டக்கூடாதெண்டு ஆரு சொன்ன?"

பாதையை ஏலத்தில் எடுத்தார். டிப்பர் ஜெக்குகளைக் கழற்றிக் கால்களுக்குப் பூட்டி, புது ஒயில் குழாய் இழுத்து, அவற்றுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். தட்டின் மேல் லேசான பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு மண்டபம், ஒரு அறை, மூலையில் குசினி. வளவுக்கு நேரே ஆற்றோரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, கால்களை இறக்கித் தூக்கினார். சாமான் ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஊர் கூடி நின்று பார்த்தது. யன்னலுக்குத் திரைச்சீலை தைக்கிறேன் என்று பஸ்மினா தானாகவே வந்து சொன்னபோதுதான் ஜவுபருக்கு மூச்சு வந்தது.

கந்தோர்க்காரர் கதிர்காமன், காரைதீவுத் தமிழர், அடுத்த வாரமே வந்து நின்றார். மூத்த முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கத்து முறைப்படி காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"இதென்ன காக்கா?"

"பாதை சேர்."

"பாதைக்கு எதுக்கு யன்னல்?"

"வெயில் சேர். காத்து வரவேணுமே."

"காலில நிக்குது?"

"தண்ணிக்குள்ளயே கிடந்தா அடியில மட்டி பிடிக்கும் சேர். ஓடாத நேரம் தூக்கி வச்சிரிக்கன்."

கதிர்காமன் முகத்தில் காட்டாமல் உள்ளே சிரிக்கிற ஆள். சுற்றிவர நடந்து பார்த்தார். "சரி. ஒரு நாளைக்கு ஓட்டிக் காட்டுங்க," என்றுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

அன்று தொடங்கியது ஜவுபரின் சீத்துவக் கேடு. கந்தோருக்கு அது படகாக இருக்க வேண்டும். சம்மந்திக்கு அது வீடாக இருக்க வேண்டும். ஆகவே அந்தச் சாமானுக்கு இரண்டு வேசம் போட்டார். கதிர்காமன் வரக்கூடிய நாட்களில் திரைச்சீலை கழன்றுவிடும், உயிர்காப்பு அங்கிகள் வரிசையாகத் தொங்கும், வெளிச்சுவரில் படகு இலக்கம் பளிச்சென்று தெரியும். மற்ற நாட்களில் அங்கிகள் கட்டிலுக்கு அடியில், இலக்கத்தின் முன்னால் ஹாஜறாவின் பூச்சாடிகள். ஓட்டுகிற சக்கரத்தையும் லீவர்களையும்தான் எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் அவற்றைச் சுற்றி ஒரு ஷோகேஸ் செய்து, கண்ணாடிக்கு உள்ளே கோப்பைகளையும் மக்காவில் இருந்து வந்த மணிக்கூட்டையும் அடுக்கினார். சக்கரத்துக்கு ஒரு பூவேலைச் சீலை.

ஸுலைஹாவை வீடு பார்க்கக் கூப்பிட நாள் பார்த்தபோது ஜவுபர் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். போயா தினம், பௌர்ணமி விடுமுறை. கந்தோர் பூட்டு. எந்த உத்தியோகத்தனும் வீட்டை விட்டு அசைய மாட்டான்.

ஸுலைஹா தங்கச்சி ஜுனைதாவோடு வந்தாள். ஏணியில் ஏறும்போதே முகம் சரியில்லை. உள்ளே வந்து ஒவ்வொரு மூலையாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சுவரைத் தட்டினாள்.

"டொங் எண்டு கேக்குது தம்பி."

"புது மொடல் ராத்தா. சூடு ஏறாது."

"கீழ தண்ணி இரிக்கே."

"சுனாமிக்கு மறுகா எல்லா இஞ்சினியர்மாரும் உசத்தித்தான் கட்டச் சொல்றாங்க."

"பலகைக்குக் கீழ காலெல்லாம் இரும்பு."

"இரும்பெண்டா உறுதிதானே ராத்தா."

ஜுனைதா இனிப்புக்கு வைத்த வட்டிலாப்பத்தில் கை வைத்துவிட்டாள். அது நல்ல அறிகுறி. ஸுலைஹாவும் உட்காரப் போனாள். அந்த நேரம் பார்த்து அறைக்குள் இருந்து பஸ்மினா தலையை நீட்டி, "வாப்பா, கரையில ஆக்கள்," என்று மெல்லச் சொன்னாள்.

யன்னலால் எட்டிப் பார்த்த ஜவுபர் பேயறைந்தது போல நின்றார். கதிர்காமன். கையில் மீன் பொதிந்த மாலுபன் பை. பக்கத்தில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அவருடைய மனைவி தக்சாயினி.

ஜவுபர் ஏணியில் பாதி இறங்கியும் இறங்காமலும் மறித்தார். "சேர், இண்டைக்குப் போயாவே."

"அதாலதான் வந்தன். இவ கலியாணம் முடிச்ச நாளில இருந்து படகில போகவேணும் எண்டு ஒரே அரியண்டம்." கதிர்காமன் குரலைத் தாழ்த்தினார். "காக்கா, நாளைக்குக் கொழும்பில இருந்து பெரியாக்கள் வாறாங்க. ஓடுறதை என்ட கண்ணால பார்த்தாத்தான் நான் பாதை எண்டு சொல்லலாம். பார்க்காட்டி கட்டடம் எண்டுதான் சொல்லவேணும். பின்னேரமே இடிக்கிறதுக்குப் பெக்கோ வந்து நிக்கும்."

சொல்லிவிட்டு அவர் செருப்பைக் கழற்றி வைத்து ஏறிவிட்டார். மனைவியும் ஏறினாள். ஸுலைஹா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இவர்கள் யார் என்பது போல ஜவுபரைப் பார்த்தாள்.

"எங்கட கூட்டாளி ராத்தா. அவரும் வீடு பார்க்க வந்திரிக்கார்."

"நல்ல வசதியாத்தான் செய்திருக்கிறார்," என்றார் கதிர்காமன், கதிரையில் இருந்துகொண்டு. "எத்தனை பேர் ஏத்தலாம் காக்கா?"

ஜவுபருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அது நிற்கவேயில்லை. இருமிக்கொண்டே யோசித்தார். ஓட்டினால் ஸுலைஹா எழும்பிப் போய்விடுவாள். ஓட்டாவிட்டால் நாளைக்குப் பெக்கோ. ஹாஜறா குசினி வாசலில் நின்று, இப்போது பட்டுக்கொள்ளுங்கள் என்பது போலப் பார்த்தாள்.

அறைக் கதவு திறந்தது. பெண் பார்க்கும் நாளில் பெண் தலைகுனிந்து தேத்தண்ணியோடுதான் வருவாள். பஸ்மினா வெறுங்கையோடு நேரே ஷோகேசுக்குப் போனாள். கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜுனைதாவின் மடியில் வைத்தாள். மணிக்கூட்டை ஸுலைஹாவின் கையில் கொடுத்தாள். பூவேலைச் சீலையை உருவினாள்.

"நாலு வரிசமா எல்லாரும் இரிந்துதானே பார்த்த. வெளிக்கிடுவம் வாப்பா."

சொல்லிக்கொண்டே லீவரை இழுத்துவிட்டாள்.

ஒயில் திரும்பிப் பாய்கிற சீறல் கேட்டது. வீடு மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது. ஸுலைஹா கலிமாவைச் சொன்னாள். வட்டிலாப்பம் தட்டோடு நடுங்கியது. குழாய்கள் தண்ணீரில் உட்கார்ந்ததும் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தார்கள். ஜவுபரின் இருமல் நின்றுவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சக்கரத்தைப் பிடித்தார். இஞ்சின் உறுமியது, கால்கள் மடங்கி மேலே வந்தன, வீடு கரையை விட்டு நகர்ந்தது.

ஆற்றங்கரைக் காவலரணில் நின்ற அதிரடிப் படைக்காரன் துவக்கைத் தூக்கி, பிறகு இறக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். ஆற்றில் வருகிற எதையும் மறிக்கச் சொல்லித்தான் அவனுக்குக் கட்டளை. திரைச்சீலை பறக்க, பூச்சாடிகளோடு, மடி நிறையக் கோப்பைகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் இருக்க, ஒரு வீடு வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. தக்சாயினி கையசைத்தாள். அவனும் கையசைத்துவிட்டான்.

ஸுலைஹா மணிக்கூட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யன்னலோரம் போய் நின்றாள். ஜவுபர் ஓட்டிக்கொண்டே கடைக்கண்ணால் அவளையே பார்த்தார். கல்யாணம் ஆற்றோடு போகிறது என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

வளைவு திரும்பியதும் அக்கரையில் ஸுலைஹாவின் தென்னைகள் தெரிந்தன. அவளுடைய உடுப்புக் கொடி. அவளுடைய கிணற்றடி. ஆற்றோரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நின்று ஸப்ரி மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு வீடு தன்னை நோக்கி வருவதையும், அதன் யன்னலில் தன் உம்மா நிற்பதையும், பக்கத்தில் பஸ்மினா நிற்பதையும் கண்டவன் கையில் இருந்த வாளியை ஆற்றோடு விட்டுவிட்டான்.

"நிப்பாட்டுங்க தம்பி," என்றாள் ஸுலைஹா.

ஜவுபர் இஞ்சினைத் தணித்தார்.

"நான் ஏன் இவ்வளவு நாளும் வீடு வீடெண்டு இழுத்தடிச்ச தெரியுமா? உங்களுக்கிட்ட வீடில்ல எண்டு தெரிஞ்சுதான். நிந்தவூர்க் கதையும் நானே கட்டிவிட்டதுதான். எனக்கு இரிக்கிற ஒரு புள்ள. இவன் உடுப்புப் பெட்டியத் தூக்கிக்கிட்டு உங்கட வீட்டுக்கு வந்து ஏறினா அந்தப் பெரிய வளவுல நான் ஆரோட கதைக்க? பொம்புளப் புள்ளையப் பெத்தவ மகளோட இரிப்பா. ஆம்புளப் புள்ளையப் பெத்தவளுக்கு என்ன மிச்சம்?" அவள் மணிக்கூட்டோடு கையை நீட்டிக் கரையைக் காட்டினாள். "இவடத்த கால இறக்குங்க. எனக்கு வீடு புடிச்சிரிக்கி. நாளக் குறிப்பம். ஆனா வீடு என்ட ஆத்தோரத்துலதான் நிக்கவேணும்."

கதிர்காமன் யன்னலால் தலையை நீட்டிக் கடல் இருந்த திசையைப் பார்த்தார். "இது எல்லைக்கு வெளியால. இதில நீங்க பாதையை நிப்பாட்டினாலும் வீடு நிப்பாட்டினாலும் எனக்கு அலுவலில்லை," என்றார். அவருக்கு ஒரு பாரம் இறங்கியது முகத்தில் தெரிந்தது. மாலுபன் பையைத் திறந்து எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார்.

எல்லாருடைய காரியமும் முடிந்தது. ஜவுபர் மட்டும் லீவரில் கை வைத்தபடி நின்றார். யாரும் உடைக்க முடியாத, தடுக்க முடியாத, தேவைப்பட்டால் நகர்ந்துவிடக்கூடிய ஒரு வீட்டைச் செய்ததில் அவருக்கு அவ்வளவு பெருமை இருந்தது. அது மகளையும் ஏற்றிக்கொண்டு நகர்ந்துவிடும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ஹாஜறாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பஸ்மினாவைப் பார்த்தார். அவள் ஸப்ரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குச் சம்மதமா புள்ள?"

"ஓம் வாப்பா," என்றாள், திரும்பாமலே.

அவர் கால்களை இறக்கினார்.

கல்யாணப் பதிவான காவின் எழுதிய பிறகு விருந்து நாள் கொஞ்சம் இழுபட்டுத்தான் போனது. வடக்கில் சண்டை முடிந்து, கல்முனைச் சந்தியில் வெடி கொளுத்திய மாதத்தில்தான் விருந்து நடந்தது. கதிர்காமன் அந்த மாதம் யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. ஆனால் தக்சாயினியோடு வந்து, ஒரே சோற்றுச் சகன் தட்டில் மற்றவர்களோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மகளை அனுப்பி வைக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கரையில் பெண்ணை யாரும் அனுப்பிப் பழக்கமில்லை. இப்போது அழுவதா, ஏற்றிவிட்ட பிறகு அழுவதா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் ஹாஜறாவிடம் கேட்டார்கள். அவளுக்கும் தெரியாது. ஜவுபர்தான் ஓட்டிக்கொண்டு போனார். ஸுலைஹாவின் கிணற்றடிக்கு நேரே நாலு காலையும் ஊன்றி, தூக்கி, பூட்டுகளை இறுக்கினார். பிறகுதான் திரும்பிப் போகத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. பாலத்தைச் சுற்றி நடந்து வந்து, வெறும் வளவில் போட்டிருந்த கொட்டிலில், ஹாஜறாவுக்குப் பக்கத்தில் இருந்தார். மகளைப் பிரிந்த துக்கம் என்பது மற்ற ஊர்க்காரருடைய நோய் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

அடுத்த நாள் காலையில் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு சம்மந்தி வீட்டுக்குப் போனார். புதுக் கால், ஒருக்காப் பார்க்கவேணும் என்றார். பார்த்தார். பஸ்மினா ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்தார். வரும்போது யாரும் காணாமல் ஒரு குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு வந்தார். அடுத்த நாள் ஒயில் கசிந்திருந்தது. போய் இறுக்கிவிட்டு இன்னொன்றைத் தளர்த்தினார். இப்படியே கால் மாற்றிக் கால் ஒழுகியது. "உங்கட வாப்பாட வேலைய கல்முனையே மெச்சுதே, இதென்ன இப்படி ஒழுகுது?" என்று ஸப்ரி பஸ்மினாவிடம் கேட்டான். ஊரிலும் அப்படிக் கதை வந்தது. நாற்பது வருசம் சேர்த்த பேர் போனது. ஜவுபர் கவலைப்படவில்லை.

ஒருநாள் கராஜில் அவசர வேலை இருந்ததால் தளர்த்த மறந்துவிட்டார். அது அவருக்கு வழியில்தான் நினைவு வந்தது. இன்றைக்கு என்ன சாட்டுச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே படலையைத் திறந்தார். ஸுலைஹா கிணற்றடியில் நின்றாள்.

"வாங்க தம்பி. அந்தக் கிழக்குக் கால் ஒழுகுது, பாருங்க."

ஜவுபர் போய்க் குனிந்தார். காலின் அடியில் உண்மையாகவே எண்ணெய் வடிந்திருந்தது. ஒரு விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தார். தேங்காய் எண்ணெய்.

அவர் நிமிரவில்லை. குந்தியபடியே விரலைச் சாறனில் துடைத்தார். பிறகு பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார்.

"ஓம் ராத்தா," என்றார், அவருக்கே கேட்காத குரலில். "நல்லா ஒழுகுது."

"இண்டைக்குச் சரிவராது போல," என்றாள் ஸுலைஹா. "நாளைக்கும் வாங்க. ஹாஜறாவையும் கூட்டிக்கிட்டு வாங்க."